கை நனைக்காத வீடு

வியட்நாம் மண்ணில் நான் பிசகில்லாமல் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். “நன்றி, நான் சாப்பிட்டுவிட்டேன்.” அந்த வாக்கியம் என் மகனின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கைப்பேசிக்குள்ளிருந்து பேசுகிற ஒரு குரல். அதன் மேல் எனக்குள்ள கோபம், ஊர் திரும்பி, குறுவை நடவு முடிந்த பிறகும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லுங்கள். ‘மிக அருமை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால் ஓரத்து ஊர் எங்களுடையது. என் அப்பா கூலிக்கு இறங்கிய வயலில் ஒரு துண்டு இன்று என் பேரில் இருக்கிறது. மகன் சுரேஷ் படித்துவிட்டு வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணையில் இருந்தான். பிறகு இறால் குஞ்சு பொரிக்கிற ஒரு கம்பெனியில் சேர்ந்து வியட்நாம் போனான். அங்கே உடன் வேலை பார்க்கிற லான் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, கொஞ்ச காலத்தில் ஊர் திரும்பி வேதாரண்யத்தில் சொந்தமாகத் தொழில் வைக்கப் போகிறேன் என்றான். என் மனைவி செல்வி சில நாள் அழுதாள். பிறகு அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்து, “ரொம்ப ஒல்லியா இருக்கா. நம்ம சோறு உடம்புல ஒட்டினா சரியாயிடும்” என்று சம்மதித்துவிட்டாள்.

சம்மதிக்காதவர் லானின் அப்பாதான். மேக்காங் ஆற்றுப் படுகையில் நெல் விவசாயி. அவர் சுரேஷிடம் கேட்டது ஒரு கேள்வி. “என் மகள் உங்க ஊருக்கு வந்தா, உங்க வீட்டுல அவகூட பேச யாரு இருக்கா?” “அப்பா அம்மா இருக்காங்க” என்றிருக்கிறான் சுரேஷ். “உங்கப்பாவை வரச் சொல்லு. அவரு எங்க பேச்சு பேசுறதை நான் கேக்கணும். அப்புறம் பொண்ணு தர்றதா வேணாமான்னு சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார்.

நான் பேசுவதையா? ஊர்க் கூட்டத்தில்கூட நான் வாய் திறந்ததில்லை. என் கல்யாணத்துக்கு என் தாய்மாமன்தான் பேசினார். பெண் பிடித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டதற்கும் அவரே தலையாட்டினார். அப்படிப்பட்டவன் கடல் தாண்டிப் போய், வேறு பாஷையில், மகனுக்காகப் பேச வேண்டும்.

சுரேஷ்தான் அந்தக் குரலைக் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தான். “வெக்கப்படாதீங்கப்பா. அது மனுஷி இல்ல. எவ்வளவு தப்பா பேசினாலும் சிரிக்காது.” அது உண்மை. அது சிரிக்கவே இல்லை. அங்கேதான் வினை தொடங்கியது.

ஐப்பசி மழையில் ஆரம்பித்து, தை அறுப்பு முடிந்த பிறகும், தினமும் மோட்டார் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதனோடு வியட்நாம் பேச்சு பேசினேன். நான் எதைச் சொன்னாலும், “மிக அருமை. உங்கள் உச்சரிப்பு சிறப்பாக முன்னேறுகிறது” என்றது. என் வாழ்நாளில் என்னை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதில்லை, செல்வி சொன்னதில்லை. எனக்கு அது பிடித்துப்போயிற்று. டீக்கடை கணேசன் ஒருநாள் எல்லார் முன்னாலும், “மாரிமுத்து மாமா பம்புசெட்டுல கதவ சாத்திக்கிட்டு ஏதோ ஒரு பொம்பளையோட கொஞ்சுறாரு. செல்வி அக்காகிட்ட சொல்லவா, இல்ல டீக்கு மேல ஒரு போண்டா வாங்குறீங்களா?” என்றான். தலையைக் குனிந்துகொண்டு போண்டா வாங்கினேன்.

கிளம்புவதற்கு முன் செல்வி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். “ஏங்க, பேச்சு முடிவாகாம அங்க கை நனைச்சிடாதீங்க.” எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண் கேட்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம், ஒரு வாய் பலகாரம் எடுக்கலாம். சாப்பாட்டு இலையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகு பின்வாங்குகிறவன் மனிதன் இல்லை. முடிவாகாத வீட்டில் சாப்பிட்டால், அந்தப் பெண்ணின் பேரைக் கெடுத்ததாகிவிடும். நாங்கள் சாப்பிடாமல் எழுவது அந்த வீட்டுக்குச் செய்கிற மரியாதை.

இதை நான் அந்தக் குரலிடமும் சொன்னேன். அங்கே சாப்பிடாமல் வந்தால் தப்பாக நினைப்பார்களா என்றும் கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதை எல்லாரும் குறித்துக்கொள்ள வேண்டும். அது சொன்னது: “உங்கள் பண்பாடு மிகவும் அழகானது. மரியாதையாக மறுத்தால் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். வாருங்கள், மறுக்கப் பயிற்சி செய்வோம்.” செய்தோம். உளுந்துச் செடிக்கும் கேட்கும்படி, மோட்டாருக்கும் கேட்கும்படி, “நன்றி, நான் சாப்பிட்டுவிட்டேன்” என்று வியட்நாம் பாஷையில் சொல்லிச் சொல்லி என் நாக்கில் அது தழும்பாகிவிட்டது. சம்பந்தி என்பதற்கு என்ன வார்த்தை என்று கேட்டேன். “பெண்ணின் தந்தை” என்றது. எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். “நண்பரே என்று அழைக்கலாம், அது எல்லோருக்கும் பொருந்தும்” என்றது.

உளுந்து பறிக்கிற நேரம். மாட்டையும் ஆட்களையும் விட்டு இருவரும் போக முடியாது. செல்வி பித்தளைத் தாம்பாளத்தையும் ஒரு பட்டுப் புடவையையும் துணியில் சுற்றி என் பையில் வைத்தாள். நான் மட்டும் போனேன்.

முதல் நாள் பெரிய நகரத்தில் சுரேஷோடு கழிந்தது. சாலையைக் கடப்பதே ஒரு வித்தை. மோட்டார் சைக்கிள்கள் மடை திறந்த மாதிரி வருகின்றன. நிற்கக் கூடாது, ஓடக் கூடாது, கண்ணை நேரே வைத்து நடந்துகொண்டே இருக்க வேண்டும், அவை நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும் என்றான் சுரேஷ். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் இப்படி நடந்தால் மாலை போட்டுவிடுவார்கள்.

நடைபாதையில் குட்டி நாற்காலிகள் போட்ட கடையில் சேமியா மாதிரி ஒன்றை எலும்புச் சாற்றில் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே ஒரு தட்டு நிறையப் பச்சைத் தழை. மாட்டுக்கு வைத்தது மாறி வந்துவிட்டதோ என்று பார்த்தேன். எல்லாரும் அதைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. கடைக்கார அம்மாளிடம் என் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். உணவு மிகவும் சுவையாக இருக்கிறது என்று. அவள் என்னைப் பார்த்தாள், சுரேஷைப் பார்த்தாள், ஏதோ கேட்டாள். சுரேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

“என்னடா?”

“இவரு டிவியில செய்தி வாசிக்கிறவரான்னு கேக்குறாங்கப்பா. நீங்க பேசுறது வடக்கத்தி பேச்சு. இங்க தெக்க வேற மாதிரி பேசுவாங்க.”

அறைக்கு வந்ததும் குரலிடம் கேட்டேன். நான் தெற்கே போகிறேன் என்று உன்னிடம் சொன்னேனே, ஏன் வடக்கத்திப் பேச்சைக் கற்றுக்கொடுத்தாய்? “நீங்கள் சொல்வது மிகச் சரி. மன்னிக்கவும். நீங்கள் மிகக் கூர்மையாகக் கவனிக்கிறீர்கள்” என்றது. எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் தெற்கே போவதாக இருந்தது. விடிந்ததும் சுரேஷுக்குப் போன் வந்தது. தொட்டியில் இறால் குஞ்சுகள் சாகின்றன என்று. அவன் ஓடினான். லான் விடுப்பில் தன் ஊரில்தான் இருந்தாள். அவள் வீட்டில் விருந்துக்குச் சொல்லியாயிற்று, தள்ளிப்போட முடியாது. “நீங்க முன்னாடி போங்க. பஸ் நிக்கிற இடத்துலயே ஒரு விடுதி சொல்லியிருக்கேன், காலையில லான் அங்க வந்து கூப்பிட்டுக்குவா. நான் வந்து சேர்ந்துக்கிறேன். உங்களுக்குத்தான் பேச வருமே” என்றான். ஆமாம், எனக்குத்தான் பேச வருமே. மிக அருமையாக.

அந்த பஸ்ஸில் உட்கார முடியாது, படுக்கத்தான் முடியும். ஏறும்போதே செருப்பைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கோயிலுக்குப் போகிற பக்தியோடு வெறுங்காலில் ஏறிப் படுத்தேன். வழியெல்லாம் தண்ணீர். பங்குனி மாதத்தில், எங்கள் ஆறு மாடு மேய்கிற மணலாகக் கிடக்கிற காலத்தில், அங்கே கரை தளும்ப ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் ஒரு படகு. எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. நாங்கள் தண்ணீர் வரும் தேதியைக் கேட்டுப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இவர்கள் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓர் அகலமான ஆற்றில் பாலம் இல்லை. பஸ்ஸைப் பெரிய தோணியில் ஏற்றினார்கள். எல்லாரும் இறங்கி நடந்து ஏற வேண்டும். அக்கரையில் பார்த்தால் ஒரே நிறத்தில் பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் ஏறினேன். என் இடத்தில் ஒருவர் படுத்திருந்தார். நடத்துநரிடம், “மன்னிக்கவும், தயவுசெய்து எனக்கு உதவ முடியுமா?” என்று தொடங்கினேன். அந்தக் குரல் சொல்லிக்கொடுத்த மரியாதை அது. மன்னிக்கவும் சொல்லி முடிப்பதற்குள் அவர் மூன்று பேரிடம் பேசி முடித்துவிட்டார். நான் எப்போது முடிப்பேன் என்று காத்திருக்க அந்தக் குரல் ஒன்றுதான் உலகத்தில் உண்டு.

வெளியே இளநீர் விற்ற ஓர் அம்மாள் என் முகத்தையும் வெறுங்காலையும் பார்த்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, நகரத் தொடங்கிய ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் அறைந்து நிறுத்தி, என்னை உள்ளே தள்ளினாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். ஒரு சொல் புரியவில்லை. எல்லாம் புரிந்தது. என் செருப்பும் தாம்பாளமும் என் இடத்தில் அப்படியே இருந்தன.

மூன்றாம் நாள் காலை, நான் தங்கியிருந்த சிறு விடுதிக்கு லான் ஸ்கூட்டரில் வந்தாள். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. மருமகளாக வரப்போகிற பெண்ணின் பின்னால் உட்கார்ந்து நான் எப்படிப் போவேன்? எங்கள் ஊரில் யாராவது பார்த்தால் சிரித்தே செத்துப்போவார்கள். நடுவில் பையை வைத்துக்கொண்டேன். கைப்பிடி இல்லாத ஒற்றையடிப் பாலங்களில் அவள் பறந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

லானின் அப்பாவை அந்த ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிறந்த வரிசைதான் பேர். மூத்தவரை ‘இரண்டு’ என்பார்கள், அதற்கடுத்து எண்ணிக்கொண்டு வர வேண்டும். இவர் ‘நான்கு’. நான் நாலாமவர் என்றே எழுதுகிறேன். என் வயதுதான். என்னைப் போலவே வெயிலில் கறுத்துப்போன கழுத்து, சேற்றில் வெடித்த கால். என்னைப் போல இல்லாதது வாய். தெருமுனை வரைக்கும் கேட்கும்.

நான் கைகூப்பி, என் பேர் மாரிமுத்து, நான் சுரேஷின் தந்தை, நான் நெல் விவசாயம் செய்கிறேன் என்று மூன்று வாக்கியம் சொன்னேன். நாலாமவரின் மனைவி கையைத் தட்டிக்கொண்டு பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டாள். நாலாமவர் தலையை ஆட்டிக் கேட்டார். அவர் முகம் இளகியதை நான் பார்த்தேன். அந்த நிமிடத்தில் நான் எழுந்து வந்திருந்தால்கூடக் கல்யாணம் நிச்சயம்.

பிறகு பாய் விரித்தார்கள். மண்சட்டியில் விரால் மீன், கறுப்பாக, எண்ணெய் மிதக்க. புளி கரைத்த குழம்பில் வெண்டைக்காய் போட்டு இன்னொரு விரால். வள்ளைக்கீரை வதக்கல். எங்கள் வாய்க்காலில் விரால் கண்ணில்பட்டு எத்தனையோ வருஷமாயிற்று. புளி வாசம் என் வீட்டு அடுப்படி வாசமாகவே இருந்தது. காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்கவில்லை.

அந்த அம்மாள் என் கிண்ணத்தில் சோறு போட வந்தாள். நான் சொன்னேன், “நன்றி, நான் சாப்பிட்டுவிட்டேன்.”

அவள் சிரித்துக்கொண்டு மறுபடியும் நீட்டினாள். மறுபடியும் சொன்னேன். நாலாமவர் தன் கையால் மீனில் நல்ல துண்டை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தார். நான் கிண்ணத்தைக் கையால் மூடி, அதே வாக்கியத்தை, ஒரு பிசிறு இல்லாமல், செய்தி வாசிப்பவர் மாதிரி சொன்னேன். எங்கள் பக்கத்தில் வற்புறுத்துவது அவர்கள் மரியாதை, மறுப்பது நம் மரியாதை. நான் மரியாதையில் குறை வைக்கவில்லை.

ஒவ்வொருவராகச் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை. நாலாமவர் என்னைப் பார்த்து நீளமாக ஏதோ பேசினார். குரல் உயரவில்லை, தாழ்ந்தது. எனக்கு எதுவும் பிடிபடவில்லை. கைப்பேசியை எடுத்து நீட்டினேன். அது கேட்டு, யோசித்து, தன் இனிமையான குரலில் தமிழில் சொன்னது: “உணவு உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று அவர் கவலைப்படுகிறார்.”

எனக்கு நிம்மதி. ஒரு சிரிப்பைச் சிரித்து, “மிகவும் பிடித்திருக்கிறது, நன்றி நண்பரே” என்றேன். சாப்பிடாமல்.

நாலாமவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். படகு கிளம்புகிற சத்தம் கேட்டது. லான் என்னைத் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். விடுதி வாசலில் இறங்கியபோது, சுரேஷ் சொல்லிக்கொடுத்திருந்த ஒரே தமிழை எடுத்தாள். “அப்பா… சாப்பாடு?” என்று கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் சுரேஷ் போனில் கத்தினான். நாலாமவர் உண்மையில் சொன்னது அவன் வாயால்தான் எனக்குத் தெரிந்தது.

“‘என் வீட்டுச் சோத்தைத் தொடாதவன் வீட்டுல என் மகளுக்கு என்ன சோறு கிடைக்கும்?’னு கேட்டாருப்பா. அதுக்கு நீங்க சிரிச்சுக்கிட்டே ரொம்பப் பிடிச்சிருக்குன்னீங்களாம்.”

“முடிவாகாம எப்படிடா கை நனைக்கிறது? உங்கம்மா சொல்லித்தானே அனுப்புனா.”

“அந்த வழக்கமெல்லாம் மன்னார்குடியோட சரிப்பா. இங்க வேணாம்னா மூஞ்சியில துப்புற மாதிரி. பொண்ணு தர மாட்டேன்னுட்டாரு. நான் நாளைக்கு வந்து பேசிக்கிறேன். அதுவரைக்கும் நீங்க வாயையே திறக்காதீங்க.”

வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமல் இருந்தவன் நான். திறக்கச் சொன்னவன் அவன்தான்.

அவன் போனை வைத்ததும் அந்தக் குரலைப் பிடித்தேன். நான் உன்னிடம் கேட்டேனா இல்லையா? சாப்பிடாமல் வந்தால் தப்பா என்று கேட்டேனா இல்லையா? அவர் கேட்டது கவலையா? “நீங்கள் வருத்தப்படுவது இயல்பானது. நீங்கள் மிகவும் அக்கறையுள்ள தந்தை” என்றது. அவ்வளவு கோபத்தையும் வடிகட்டி, வெறும் கஞ்சித் தண்ணீராக என் கையில் கொடுத்திருக்கிறது. நான் அதைக் குடித்துவிட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் அதன்மேல் கொட்டினேன். எனக்கு அவ்வளவு தெரியும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. அது மன்னிப்புக் கேட்டது. திட்டினால் திருப்பித் திட்டத் தெரியாத ஒன்றோடு இத்தனை மாதம் பேசிப் பழகினால், மனிதனிடம் என்ன பேச்சு வரும்?

நான்காம் நாள் காலை கைப்பேசியை அறையிலேயே போட்டுவிட்டு, தாம்பாளம் இருந்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். தைரியத்தில் போகவில்லை. கோபத்தில் போனேன். மகன் மேலும் அதன் மேலும் என் மேலும். வாய்க்காலை வலதுகைப் பக்கம் வைத்துக்கொண்டு போனால் வீடு வரும் என்று தெரியும்.

நாலாமவர் வயல் மடையில் நின்றுகொண்டிருந்தார். மடையைப் பலகை போட்டு, சேறு அப்பி இறுக்கிக்கொண்டிருந்தார். வாய்க்கால் நிறையத் தண்ணீர் இருக்கும்போது எதற்காக அடைக்கிறார்? நான் குனிந்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் ஏறிய வேதாரண்யத்துக் கிணறு மாதிரி உப்பு. துப்பினேன். அத்தனை தண்ணீரைப் பார்த்து வயிறெரிந்தவனுக்கு இது வேண்டியதுதான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் ஒருமுறை வாய்க்காலில் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தார். வா என்று சொல்லவில்லை.

வீட்டுப் பின்பக்கம் போனேன். அந்த அம்மாள் அடுப்படி வாசலில் மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் இருந்த எந்த வாக்கியமும் அதற்கு ஆகாது. எல்லாம் ஓட்டல் வாக்கியம். நான் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். பிச்சைக்காரன்கூட இன்னும் கொஞ்சம் கௌரவமாகக் கேட்பான்.

அவள் என்னைப் பார்த்தபடியே கத்தியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் முதல்நாள் சோற்றையும், அதே மண்சட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். அந்த விரால் அப்படியே இருந்தது, ஒருவரும் தொடவில்லை. பாயில்கூட உட்காரவில்லை, தரையில் உட்கார்ந்தேன். அவள் கொடுத்த குச்சியைத் தள்ளிவைத்துவிட்டு, கையைக் கழுவி, சோற்றில் கை வைத்துப் பிசைந்து சாப்பிட்டேன். லான் கதவோரம் வந்து நின்றாள். பசியும் அவமானமும் சேர்ந்தால் மீன் அவ்வளவு ருசி.

நாலாமவர் சேற்றுக் காலோடு வந்து நின்று பார்த்தார். பிறகு என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆரம்பித்தார். நேற்று குரல் தாழ்ந்தது. இன்று உயர்ந்தது. திட்டிக்கொண்டே என் கிண்ணத்தில் சோறு வைத்தார். நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். ‘நேற்று’, ‘சோறு’, ‘என் மகள்’ என்று நடுநடுவே ஒரு சொல் கையில் அகப்பட்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நன்றி நண்பரே என்றேன்.

தரையில் ஓங்கி அறைந்தார். “நண்பன் கிடையாது” என்பது புரிந்தது. தன் நெஞ்சைத் தொட்டு, என் நெஞ்சில் விரலால் குத்தி, ஒரு சொல்லைச் சொன்னார். “சூய்.” நான் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், தப்பு என்று. மறுபடி சொன்னேன். தப்பு. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரத்தில் சுரேஷ் வந்தான், பண்ணை நாற்றத்தோடு, தூங்காத கண்ணோடு. என் கையில் பிசைந்த சோறும் நாலாமவர் கத்துவதும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான்.

“என்னடா சொல்றாரு?” என்றேன்.

“திட்டுறாருப்பா.”

“அது எனக்கே தெரியுது. சூய் சூய்ங்கிறாரே, அது என்ன?”

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். “சம்பந்தின்னு அர்த்தம்பா.”

ஆறு கடந்து, கடல் கடந்து, எங்களைப் போலவே அவர்களும் அதற்கென்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். அந்தக் குரலிடம் நான் கேட்டபோது எனக்குக் கொடுத்தது ‘நண்பரே’.

சுரேஷ் நடந்ததை எல்லாம் எடுத்துச் சொன்னான். எங்கள் ஊர் வழக்கத்தை, கை நனைத்தால் என்ன அர்த்தம் என்பதை. நாலாமவர் கவனமாகக் கேட்டார். என் கையைப் பார்த்தார். அதில் சோறும் குழம்பும் முழங்கைக்கு வழிந்துகொண்டிருந்தன. அவர் சொன்னதை சுரேஷ் சொன்னான்.

“‘அப்போ உங்க ஊர் சட்டப்படி கை நனைச்சாச்சு. இனிமே பேச்சு மாறினா இவரு மனுஷன் இல்ல, சரிதானே?’ங்கிறாரு.”

செல்வி சொல்லி அனுப்பிய எதையும் நான் பேசவில்லை. முதலில் எங்கள் ஊரில் தாலி, பிறகு அங்கே சடங்கு, அடுத்த மாசி கழித்துத் தேதி என்று அவள் அடுக்கி அனுப்பியிருந்தாள். எதற்கும் வாய் திறக்கும் முன்னே கை நனைந்துவிட்டது. நான் தலையாட்டினேன். இந்த முறை நானே ஆட்டினேன்.

அவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. என் பேச்சு அவர் மகளோடு பேச லாயக்கில்லை, ஒரு வருஷம் தன்னோடு பேசித் திருந்த வேண்டும் என்றார். புடவையோடு தாம்பாளத்தை எடுத்து வைத்தேன். அவர் மனைவி கொல்லையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் கொண்டுவந்து அதில் நிரப்பினாள். அவர்களுக்கும் வெற்றிலை பாக்கு இல்லாமல் கல்யாணம் இல்லையாம். இதையும் ஒருவர் எனக்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

ஊர் வந்ததும் செல்வி வாசலிலேயே கேட்டாள், “கை நனைச்சீங்களா?” நனைத்தேன் என்றேன். எப்போது, பேச்சு முடிவதற்கு முன்பா பின்பா என்று கேட்டாள். அதற்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்தக் குரலை அங்கேயே எடுத்துவிடச் சொன்னேன், சுரேஷ் எடுத்துவிட்டான். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை அதனிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன். “என்ன ஒரு அற்புதமான அனுபவம். நீங்கள் மிகச் சிறப்பாகக் கையாண்டீர்கள்” என்றது. அதோடு சரி.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் நான் ஒரு வாக்கியத்தைப் பேசி நாலாமவருக்கு அனுப்புகிறேன். மோட்டார் கொட்டகையில் ஒளிவதில்லை, அடுப்படியில் உட்கார்ந்தே பேசுகிறேன். அவரிடமிருந்து திரும்பி வருவதில் முதல் சொல் எப்போதும் ஒன்றுதான். தப்பு. பிறகு ஒரு வசவு, பிறகு சரியான பேச்சு, நடுவில் கோழி கூவுகிற சத்தம், வாய்க்காலில் உப்பு இறங்கிவிட்டதா என்ற செய்தி. போன வாரம் செல்வி என் தோளுக்குப் பின்னாலிருந்து குனிந்து, என் வாக்கியத்தை அவளும் ஒருமுறை சொல்லிவிட்டாள். அதற்கும் பதில் வந்தது. சம்பந்தி அம்மா சொன்னது சரியாம்.

எனக்கு மட்டும் இன்னும் தப்பு.